திரும்பி வந்தாலும் கூலி உண்டா?

ஸ்ரீமுஷ்ணத்தில் பனி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். 'ஏன் இல்லாம?' என்பார்கள். மார்கழி விடிகாலையில் பூவராகப் பெருமாள் கோயிலுக்குத் திருப்பாவை சேவிக்கப் போகிறவர்கள் தலையில் முண்டாசு, கழுத்தில் மப்ளர். 'பனியில நிக்காதடா, நெஞ்சுல சளி கட்டிக்கும்' என்று வீட்டுக்கு வீடு அர்ச்சனை. வைக்கோல் போர் மேலே பனி, கத்தரிச் செடி மேலே பனி. எட்டு மணி வெயில் வந்தால் இருந்த இடம் தெரியாது. கடலூர் ஜில்லாக்காரனுக்குப் பனியோடு உள்ள பழக்கம் இவ்வளவுதான். அதிகபட்ச நஷ்டம், ஒரு ஜலதோஷம்.

காஷ்மீரில் ஆள் உயரத்துக்குக் கொட்டிக் கிடக்கிறதே, அதற்கும் நாம் பனி என்றே பேர் வைத்திருக்கிறோம். வம்பே இங்கேதான் ஆரம்பிக்கிறது. பேர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு. கொஞ்சம் குளிரும், ஜாக்கெட் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று ஒரு தைரியம்.

பனிச்சறுக்கைப் பற்றிச் சொல்ல வந்தேன். அதில் இரண்டு விதம் உண்டு. குல்மார்கில் மலையடிவாரத்தில் ஒரு சின்னச் சரிவு. காலில் பலகையைக் கட்டிவிட்டு, சொல்லிக் கொடுக்கிறவர் கையைப் பிடித்துக்கொள்வார். நாலு தடவை விழுவீர்கள், ஐந்தாவது தடவை போட்டோ எடுத்துக்கொள்வீர்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. குடும்பத்தோடு போய் வாருங்கள்.

இரண்டாவது விதம் வேறு. குல்மார்கில் கோண்டோலா என்று ஒரு ரோப் கார் ஓடுகிறது. அது இரண்டு கட்டமாக ஏறி, அஃபர்வத் மலையில் சுமார் 13,000 அடி உயரத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து கீழே சறுக்கி இறங்கலாம். இறங்குகிற வழியில் ஒரு பகுதியை ரோந்துப் படையினர் கவனித்துக்கொள்கிறார்கள். அந்த எல்லைக்கு இரண்டு பக்கமும் மைல் கணக்கில் யாரும் கவனிக்காத சரிவுகள். 'பேக்கன்ட்ரி' என்பது அதற்கு வழங்கும் பேர். எல்லையைத் தாண்டிவிட்டால் உங்கள் பாடு, மலை பாடு. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் சறுக்குப் பிரியர்கள் குல்மார்க் வருவதே அதற்காகத்தான்.

அந்த ஆசை நம்ம பக்கத்துப் பையன்களுக்கும் வந்துவிட்டது. ஸ்ரீமுஷ்ணத்தில் என் ஒன்றுவிட்ட அண்ணன் வீடு இருக்கிறது. அண்ணன் மகனுக்குச் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. பதினான்கு நாள் சறுக்குப் பயிற்சி முடித்து சர்ட்டிபிகேட் வாங்கிவிட்டான். அடுத்து நண்பர்கள் ஐந்து பேராகப் போய் எல்லைக்கு அந்தப் பக்கம் இறங்கப் போகிறார்களாம். வாட்ஸ்அப்பில் வந்த பேக்கேஜ் கணக்கைக் காட்டினான். விமானம், ஓட்டல், கோண்டோலா டிக்கெட், பலகை வாடகை, ஹெல்மெட் வாடகை, வெஜிடேரியன் சாப்பாடு.

'கைடு எங்கப்பா?' என்றேன்.

'அது தனியாக் கேக்கறாங்க சித்தப்பா. கட்டுப்படியாகல. ரூட்டெல்லாம் யூ டியூப்லயே இருக்கு. ஜி.பி.எஸ். வேற இருக்கு.'

பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா தலையைத் தூக்காமலே கேட்டார்: 'அந்த ஊர்ல ஒனக்கு யாரத் தெரியும்?'

பையன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் ஓடும் வெள்ளாற்றில் குளிக்கப் போகிற வெளியூர்ப் பையன்களிடமும் ஊர்ப் பெரியவர்கள் இதையேதான் கேட்பார்கள். ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான் தெரியும். மணல் அள்ளிய பள்ளம் எங்கே என்பது எந்த மேப்பிலும் இருக்காது. கரையில் மாடு மேய்க்கிறவருக்குத் தெரியும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்களே, அதில் ஒரு விஷயம் தொக்கி நிற்கிறது. ஆழம் தெரிந்தவர் ஒருவர் கரையில் இருக்கிறார். அவரைக் கேள்.

நான் பி.காம். படித்தவன். அந்தப் புத்தியில் சொல்கிறேன்: பனிமலை ஒரு பேரேடு. ஒவ்வொரு தடவை பனி கொட்டும்போதும் ஒரு வரவு எழுதப்படுகிறது. நடுவில் வெயில் அடித்த நாள், காற்று அடித்த நாள், பனியே பெய்யாத வாரம் எல்லாமே அதில் பதிவாகின்றன. ஆரம்பத்தில் கொஞ்சமாகப் பெய்துவிட்டு, பிறகு வானம் தெளிந்து கடுங்குளிர் நீடித்தால், அடியில் கிடக்கும் பனி சர்க்கரை மாதிரி உதிரி உதிரியாக மாறிவிடும். ஒன்றோடொன்று ஒட்டாது. அதன் மேல் புதுப் பனி கனமாக வந்து பலகை போல உட்கார்ந்துகொள்ளும். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. ஒரு ஆளின் பாரம் சரியான இடத்தில் விழுந்தால் போதும், அடியில் இருக்கிற சர்க்கரை நொறுங்கி, பலகை மொத்தமும் பெயர்ந்து ஓட ஆரம்பிக்கும். அதுதான் பனிச்சரிவு.

இது எல்லா இடத்திலும் நடக்காது. பெரும்பாலும் 30 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரை சாய்ந்திருக்கும் சரிவுகளில்தான். அதைவிடச் சாய்வு குறைந்தால் பனி நகராது. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி அவ்வளவாகத் தங்காது. களத்துமேட்டில் நெல் அம்பாரம் எந்தச் சாய்வில் நிற்குமோ, கிட்டத்தட்ட அந்தச் சாய்வு. அடியில் ஒரு கை நெல்லை உருவினால் மேலேயிருந்து சரசரவென்று இறங்குமே, அதைப் பார்த்திருப்பீர்கள். சறுக்கு வீரர்களுக்கு ரொம்பப் பிடித்ததும் இதே சாய்வுதான்.

வெளியூர்க்காரர் பேரேட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்கிறார். இன்றைய தேதி, இன்றைய பனி, இன்றைய வெயில். கடன் நின்றுகொண்டிருப்பது போன மாதத்துப் பக்கத்தில். அந்தப் பக்கத்தைப் படித்தவர் அங்கே குடியிருக்கிறவர் மட்டும்தான். காஷ்மீரிகள் குளிர்காலத்தை எப்படி எண்ணுகிறார்கள் தெரியுமா? டிசம்பர் 21-ல் தொடங்கி 40 நாள் 'சில்லை கலான்'. பிறகு 20 நாள் 'சில்லை குர்த்'. பிறகு 10 நாள் 'சில்லை பச்சா'. நாம் ஆடி, ஆவணி என்று மழையைக் கணக்கு வைத்து விதை விடுவது போல, எந்த நாற்பதில் விழுந்த பனி, எந்த இருபதில் விழுந்த பனி என்று அவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். பதினான்கு நாள் சர்ட்டிபிகேட்டில் இந்தப் பாடம் இல்லை.

2024 ஜனவரியில் குல்மார்க் காய்ந்து கிடந்தது. பனியே இல்லாத புல்வெளிப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. பிப்ரவரியில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. இப்படி ஒரு வறட்சிக்குப் பின்னால் கொட்டுகிற பனியைக் கண்டால் மலைக்காரன் பயப்படுவான். வெளியூர்க்காரன் குஷியாகிவிடுவான். பிப்ரவரி 22-ம் தேதி மேல்சரிவில் வெளிநாட்டுச் சறுக்குக் குழு ஒன்று பனிச்சரிவில் மாட்டியது. ரஷ்யர் ஒருவர் இறந்தார், மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள். உள்ளூர் ஆட்கள் துணையில்லாமல் போயிருந்தார்கள் என்று செய்தி வந்தது. அவர்கள் நம்மைப் போல் மப்ளர் கட்டிக்கொண்டு பனி பார்த்தவர்கள் இல்லை. பனியிலேயே வளர்ந்தவர்கள். ஆனால் அந்த மலை அவர்களுக்கும் புதுசு.

இங்கே இன்னொரு கணக்கும் தெரிந்துகொள்ள வேண்டும். பனியில் புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களில் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அரை மணி தாண்டினால் பிழைப்பவர்கள் மூன்றில் ஒருவர் அளவுக்குக் குறைந்துவிடுகிறார்கள். ஆக, கீழேயிருந்து ஆள் வந்து காப்பாற்றும் கதை அநேகமாக நடக்காது. கூட இருப்பவர் கையில் சிக்னல் கருவியும், குத்திப் பார்க்கும் நீளக் கம்பியும், மண்வெட்டியும் இருந்து, மூன்றையும் பதறாமல் உபயோகிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வாட்ஸ்அப் பேக்கேஜில் வெஜிடேரியன் சாப்பாடு இருந்தது. மண்வெட்டி இல்லை.

'கைடு இருந்தா மட்டும் சாக மாட்டாங்களா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2023 பிப்ரவரி 1-ம் தேதி இதே அஃபர்வத் மலையில் போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். மீட்கப்பட்டவர்களில் உள்ளூர் வழிகாட்டிகளும் இருந்தார்கள். ஆகவே, ஆளைக் கூட்டிப் போனால் மட்டும் போதாது. அவர் 'இன்னிக்கு வேண்டாம்' என்று சொல்லும் நிலைமையில் இருக்க வேண்டும். சொன்னால் நாம் கேட்க வேண்டும்.

'வேண்டாம்' என்று சொல்வது மலைக்காரர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். பெருமாள் தானாகத் தோன்றிய தலங்கள் எட்டு என்று சொல்வார்கள். ஸ்ரீரங்கம், ஸ்ரீமுஷ்ணம், திருப்பதி, வானமாமலை, சாளக்கிராமம், நைமிசாரண்யம், புஷ்கரம், பத்ரி. நம் பூவராகருக்கும் பத்ரி நாராயணருக்கும் அப்படி ஒரு சொந்தம். இவர் வெள்ளாற்றுப் பக்கம், அவர் இமயமலையில் 10,000 அடிக்கு மேலே. குளிர்காலத்தில் பத்ரியில் என்ன செய்கிறார்கள்? நவம்பர் வாக்கில் நடை சாத்துகிறார்கள். உத்தவர், குபேரர் மூர்த்திகளைப் பாண்டுகேஸ்வரத்துக்கும், ஆதிசங்கரரின் ஆசனத்தை ஜோஷிமடத்து நரசிம்மர் கோயிலுக்கும் இறக்கிவிடுகிறார்கள். மறுபடி நடை திறப்பது சித்திரை, வைகாசியில்தான். அந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்கள், சாமியையே கீழே இறக்கிக்கொண்டு வருகிற பருவம் அது. நாம் அந்தப் பருவத்தில் டிக்கெட் போட்டுக்கொண்டு மேலே போகிறோம்.

வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்களும் அங்கே இருக்கிறார்கள். 2025 பிப்ரவரி 28-ம் தேதி பத்ரிநாத்துக்குப் பக்கத்திலுள்ள மாணா கிராமத்தருகே, எல்லைச் சாலைகள் அமைப்பின் பணியாளர் முகாமைப் பனிச்சரிவு மூடியது. சிக்கியவர்கள் 54 பேர். 46 பேர் மீட்கப்பட்டார்கள், 8 பேர் இறந்துபோனார்கள். சாலையில் பனியை அகற்றக் கூலிக்கு வந்த ஜனங்கள். குளிருது, பயமா இருக்கு என்று கீழே இறங்கினால் அடுப்பு எரியாது.

வழிகாட்டியின் நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான். சறுக்கு சீசன் என்பது வருஷத்தில் இரண்டு, மூன்று மாதம். அதில் சம்பாதிப்பதை வைத்து மிச்ச நாளை ஓட்ட வேண்டும். எதிரே ஐந்து பேர் நிற்கிறார்கள். லீவு போட்டு வந்திருக்கிறார்கள், நாளை மறுநாள் பிளைட். 'காசு குடுத்திருக்கோம்ல, என்ன பிரச்னை உனக்கு?' என்கிறார்கள். மேலே கூட்டிப் போனால்தான் அன்றைய கூலி என்று பேச்சு. அவர் வாயிலிருந்து 'வேண்டாம்' எப்படி வரும்? அந்த ஒரு வார்த்தைக்கு அவர் ஒரு நாள் வருமானத்தை விலையாகக் கொடுக்க வேண்டும். நம்முடைய உயிரைக் காப்பாற்ற அவர் தன் பையிலிருந்து பணம் போட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இதைவிட மட்டமான ஒப்பந்தத்தை எந்த ஆடிட்டரும் பார்த்திருக்க மாட்டார்.

இதில் முதல் குற்றவாளி, பேக்கேஜ் விற்கிறவர். விலையைக் குறைத்துக் காட்ட வேண்டுமென்றால் ஓட்டலில் கை வைக்க மாட்டார், சாப்பாட்டில் கை வைக்க மாட்டார். அதெல்லாம் ஊருக்குத் திரும்பியதும் திட்டு வாங்கித் தரும். வழிகாட்டியை வெட்டினால் யாருக்கும் தெரியாது. தெரிய வருகிற அன்றைக்குத் திட்ட ஆள் இருக்காது.

இரண்டாவது குற்றவாளி நாம். குதிரைக்காரரிடமும் சுமை தூக்குகிறவரிடமும் நூறு ரூபாய்க்கு மல்லுக்கட்டிவிட்டு, ஏர்போர்ட்டில் காபிக்கு முந்நூறு ரூபாய் பேசாமல் கொடுப்பவர்கள்.

மூன்றாவது, என் தொழில்காரர்கள். மலை உச்சியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் படத்தைப் போட்டு 'சாதனை இளைஞர்' என்று எழுதுகிறோம். பாதி வழியில் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர் படத்தை எந்தப் பத்திரிகையாவது போட்டிருக்கிறதா?

'நம்ம பசங்க ராணுவத்துல இல்லையா? சியாச்சின்லயே நிக்கலயா?' என்று சிலர் மார் தட்டுவார்கள். நிற்கிறார்கள். 2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரும் 19-வது மெட்ராஸ் பட்டாலியன்காரர்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து ஒருவரை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். கர்நாடகத்து ஹனுமந்தப்பா. அவரும் பிப்ரவரி 11-ல் டில்லி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். அவர்கள் இஷ்டப்பட்டு விளையாடப் போனவர்கள் இல்லை. ராணுவம் ஆளை அப்படியே மேலே அனுப்புவதும் இல்லை. உயரத்துக்கு உடம்பைப் பழக்க முதல் கட்டத்தில் ஆறு நாள், இரண்டாவதில் நான்கு நாள், மூன்றாவதில் நான்கு நாள் என்று பதினான்கு நாள் கணக்கு வைத்திருக்கிறது. கோண்டோலா மேல்முனை அந்தக் கணக்கில் இரண்டாவது கட்ட உயரத்தில் வருகிறது. நீங்கள் காலையில் கிளம்பி, மதியம் அங்கே நிற்கிறீர்கள்.

பனிமலை வரைக்கும் போக வேண்டாம். நம்ம தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அது புல் காய்ந்து கிடக்கிற மாதம். மேட்டை நோக்கி ஓடும் தீ, சமதரையில் ஓடும் தீயைவிட வேகமானது. அனல் முன்னாலேயே போய் மேலே இருக்கிற புல்லைக் காய வைத்துவிடும். இதெல்லாம் மலையடிவாரத்துக்காரர்களுக்குப் பாலபாடம். தகவல் தெரிந்ததும் முதலில் மேலே ஓடியவர்களும் அவர்கள்தான். கிராமத்து ஜனங்களும் எஸ்டேட் தொழிலாளிகளும் துணியில் தொட்டில் கட்டிக் காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள். ஹெலிகாப்டர் பிறகுதான் வந்தது. போகும்போது தேவைப்படாத உள்ளூர்க்காரர், திரும்பும்போது தோள் கொடுக்க மட்டும் வேண்டியிருந்தது.

அரசாங்கம் வழக்கம்போல முதலில் தடை போட்டது. ஆனால் அதோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே 2018-ல் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தார்கள். 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை அறிவித்து, அந்தந்த மலைப்பகுதி, பழங்குடி இளைஞர்களைப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கினார்கள். கட்டணம் அதிகம் என்று உடனே முணுமுணுப்பு கிளம்பியது. எதற்கு அதிகம்? ஆழம் தெரிந்தவருக்குக் கொடுக்கிற கூலி அதில் சேர்ந்திருக்கிறது என்றால், அந்தப் பில்லில் மற்றதைக் குறையுங்கள், அதைத் தொடாதீர்கள் என்பது என் கட்சி.

நான் யாரையும் வீட்டுக்குள் உட்காரச் சொல்லவில்லை. இருபத்தேழு வயசில் மலையைப் பார்க்காமல் வேறு எப்போது பார்ப்பது? போங்கள். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். பிள்ளை கேட்காவிட்டால் பெற்றவர்கள் கேளுங்கள்.

ஒன்று: எங்களோடு வருபவர் இந்தக் குளிர்காலம் முழுக்க அந்த மலையிலேயே இருந்தவரா? டில்லியிலிருந்து எங்களோடு விமானத்தில் வருகிற 'ட்ரிப் லீடர்' கணக்கில் சேராது.

இரண்டு: அன்றன்றைக்கு வரும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்து, போகலாமா கூடாதா என்று முடிவு செய்யப் போவது யார்? அவரா, ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் நீங்களா?

மூன்றுதான் முக்கியம்: அவர் வேண்டாம் என்று சொல்லி நாங்கள் அரை மணியில் திரும்பி வந்துவிட்டால், அன்றைக்கு அவருக்கு முழுக் கூலி உண்டா?

மூன்றாவதை எழுதி வாங்குங்கள். ஐந்து பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு பீட்சா காசு அதிகமாகலாம். அந்தக் காசில் நீங்கள் வாங்குவது ஒருவருடைய வாயில் 'வேண்டாம்' என்ற வார்த்தையை. பலகை, ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாவற்றையும் விட அது மலிவு.

'அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம் சார்' என்று பதில் வந்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். தர மாட்டேன் என்று அவர் இழுத்தடித்தால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். திரும்பி வருகிறவனை அவர் எப்படி நடத்துவார் என்பதைச் சமவெளியிலேயே தெரிந்துகொண்டதற்கு அந்தப் பணம் சரியாகப் போயிற்று.